மைனா காட்டிய நாலு முட்டை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பூங்காவில் ஒரு மைனா வசித்தது. வாய் என்றால் அப்படி ஒரு வாய்! விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மூடாது. அந்த வாயால் வந்த வினையை நினைத்தால் எனக்கு இன்னும் பகீர் என்கிறது. கேளுங்கள், சொல்கிறேன்.

பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் பூங்காவுக்கு ஞாயிறுதோறும் காலையில் மனிதர்கள் கூட்டமாக வருவார்கள். வசந்தகால இயற்கை உலாவாம்! துணித்தொப்பி போட்ட ஓர் அம்மா முன்னால் நடப்பார். அவர் கையை நீட்டினால் போதும், அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பும்.

"அதோ, மாம்பழச்சிட்டு!" என்பார் அந்த அம்மா. "ஆ!" என்பார்கள் எல்லாரும்.

"இந்தச் சரக்கொன்றை சித்திரைக்குள்ள பூத்துடும்!" என்பார். "ஓ!" என்பார்கள்.

மைனா விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து மூன்று வாரம் இதைப் பார்த்தது. அந்த 'ஆ'வையும் 'ஓ'வையும் கேட்கக் கேட்க அதற்கு வயிறு எரிந்தது.

"இந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? வாரத்துக்கு ஒரு நாள் வந்துட்டுப் போறவங்க! நான் பொறந்து வளந்த இடம் இது! பொந்து, சந்து, மூலைமுடுக்கு எல்லாம் எனக்கு அத்துப்படி! நானும் ஒரு உலா நடத்துறேன் பாரு!" என்றது.

"யாருக்கு?" என்று கேட்டது கீழே இருந்த அணில்.

"நமக்குத்தான்! நீ போய் எல்லாரையும் கூப்பிடு! நான் முன்னாடி நடப்பேன், நீங்க பின்னாடி வரணும். நான் காட்டினதும் 'ஆ'ன்னு சொல்லணும், மறந்துடாதே!"

அணிலுக்குச் சேதி சொல்வதென்றால் சோறு தண்ணி வேண்டாம். அடுத்த ஞாயிறு மனிதர்களின் உலா முடிந்து அவர்கள் போனதும், குளத்தோரத்துப் பெஞ்சு அருகே ஒரு கூட்டமே கூடிவிட்டது. அணில் வந்தது. ஓணான்கள் இரண்டு வந்தன. தவிட்டுக்குருவிகள் ஏழும் சண்டை போட்டுக்கொண்டே வந்தன. குளத்திலிருந்து ஒரு தவளை வந்தது.

அப்புறம் புதரை விலக்கிக்கொண்டு கீரி வந்தது. அவ்வளவுதான்! எல்லாரும் நாலடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

"கீரியண்ணே, நீங்க முன்னாடி வாங்க! என் கண்ணுக்கு நேரா நடங்க!" என்று மைனா உத்தரவு போட்டது.

"நானும் சும்மா சுத்திப் பாக்கத்தானேம்மா வந்தேன்," என்றது கீரி. அதன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்னபடி முன்னால் வந்து நின்றது.

கடைசியாக ஒரு செம்போத்து வந்தது. கரிய உடம்பு, செம்மண் நிறச் சிறகு, சிவந்த கண். அதற்கு என்ன நடை தெரியுமா! ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்து வைக்கும். செம்போத்து குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று மனிதர்களே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐயா, நீங்களே வந்துட்டீங்களா! நீங்க எங்க வேணா நடங்க! உங்க கால் பட்டாலே காரியம் நல்லபடியா முடியும்!"

"பெரிய மனசும்மா உனக்கு," என்று அடித்தொண்டையில் சொல்லிவிட்டு, செம்போத்து வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டது.

உலா புறப்பட்டது. மைனா நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. "இது நாவல் மரம்!" என்றது. யாரும் 'ஆ' சொல்லவில்லை. "இது எறும்புப் புற்று!" என்றது. ஓணான் கொட்டாவி விட்டது.

"இதெல்லாம் எங்களுக்கே தெரியுமே! தெரியுமே!" என்று கத்தின தவிட்டுக்குருவிகள். "காலையில அந்த அம்மா காட்டினதைத்தானே நீயும் காட்டுறே! இதுக்கா எங்களைக் கூப்பிட்டே?"

மைனாவுக்குச் சுருக்கென்றது. மானம் போகிறதே! யோசித்ததா? ஒரு நொடி யோசித்ததா? இல்லவே இல்லை!

"அந்த அம்மா காட்டாத ஒண்ணைக் காட்டட்டுமா?" என்றது. "மூணு வாரமா அது பக்கத்துல வர்றாங்க, திரும்பிப் போறாங்க. கண்ணு தெரியலை, பாவம்! வாங்க என் பின்னாடி!"

குளத்துக்குப் பின்னால், நடைபாதை போட்டது போக மிஞ்சிய ஜல்லி பரந்து கிடந்தது. அதன் நடுவில் ஓர் ஆட்காட்டிக் குருவி உட்கார்ந்திருந்தது. கூட்டத்தைக் கண்டதும் அது கிரீச்சிட்டுக்கொண்டு எழும்பியது.

"போங்க! போங்க! அடியே மைனா, எதுக்குடி இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தே?"

"சும்மா இரு அக்கா! உனக்குத்தானே பெருமை!" என்றது மைனா. "எல்லாரும் இங்க பாருங்க! கல்லோட கல்லா என்ன தெரியுது?"

ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மைனா அலகால் தொட்டுக் காட்டியது. அப்போதுதான் தெரிந்தது. கல்லின் நிறத்திலேயே, கரும்புள்ளி போட்ட நாலு முட்டைகள்! ஒரு சாண் தூரத்தில் இருந்த தவளைக்கே அதுவரை கண்ணில் படவில்லை.

"ஆ!" என்றார்கள் எல்லாரும்.

அந்த ஆட்காட்டியின் கதை கல்லையும் கரைக்கும். அதன் துணையை மாசியிலேயே ஒரு வல்லூறு கொண்டுபோய்விட்டது. அதனால் அடைகாக்க மாற்று ஆள் இல்லை. இருபத்து மூன்று நாளாக வெயிலில் தனியாக உட்கார்ந்து காக்கிறது. இன்னும் ஐந்து நாள் போனால் குஞ்சு வந்துவிடும். அதற்கென்று இந்த உலகத்தில் இருந்ததே அந்த நாலு முட்டைதான்.

மைனாவோ 'ஆ' கேட்ட மயக்கத்தில் இருந்தது. "இன்னும் கேளுங்க!" என்றது. "உச்சி வெயில்ல இந்த ஜல்லி கொதிக்கும். அப்போ அக்கா குளத்துல இறங்கி வயித்து இறகை நனைச்சுக்கும். ஓடி வந்து முட்டை மேல உக்காரும். முட்டை குளுந்துடும்! இது அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஓ!" என்றது கூட்டம்.

"அக்கா குளத்துக்குப் போனா முட்டைக்கு யார் காவல்?" என்று அணில் கேட்டது.

"யாரும் இல்லை! அந்த நேரம் இங்க ஈ காக்கா இருக்காது!"

"அது எந்நேரம்மா?" என்று வரிசையின் கடைசியிலிருந்து பணிவாக ஒரு குரல் கேட்டது.

"அதோ அந்த விளக்குக் கம்பத்தோட நிழல் அது காலடியில சுருங்கும்போது, ஐயா!" என்றது மைனா. கேட்டீர்களா அநியாயத்தை! இடம் சொன்னாய் சரி, நேரத்தையுமா சொல்வாய்?

உலா முடிந்தது. ஆனால் யாரும் கலைந்து போகவில்லை. எல்லாருடைய கண்ணும் கீரி மேல்தான் இருந்தது. அதன் பல்லைப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள். கீரிக்குக் கூச்சமாகிவிட்டது. எங்கே போனாலும் சந்தேகப்படுவார்கள் என்று, அவர்கள் கண் எதிரிலேயே பெஞ்சுக்கடியில் படுத்துக்கொண்டது.

வெயில் ஏறியது. கம்பத்தின் நிழல் சுருங்கியது. ஆட்காட்டி எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்தே இருந்தது. ஆனால் கீழே கல் கொதிக்கிறதே! போகாவிட்டால் உள்ளே இருக்கும் குஞ்சு வெந்துவிடும். வேறு வழி இல்லாமல் ஒரே ஓட்டமாகக் குளத்துக்கு ஓடியது. வயிற்றை நனைத்தது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி ஓடி வந்தது.

வந்து பார்த்தால் வெறும் ஓடுகள்!

"ஐயோ! என் பிள்ளைங்க!" என்று அது போட்ட சத்தத்தில் பூங்காவே அதிர்ந்தது.

"கீரி! கீரிதான் தின்னுட்டான்!" என்று தவிட்டுக்குருவிகள் பாய்ந்தன.

"இல்லையே!" என்றது அணில். "அண்ணன் அப்பலேர்ந்து பெஞ்சுக்கடியிலதான் படுத்திருக்காரு. நாமதான் கண்ணை எடுக்காம அவரையே பாத்துக்கிட்டிருந்தோமே!"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கீரியையே பார்த்துக்கொண்டிருந்ததில் வேறு யாரையும் அவர்கள் பார்க்கவில்லை.

மைனா தத்தித் தத்தி ஆட்காட்டி அருகே போனது. "அக்கா, நான் வேணும்னு பண்ணலை. அந்த அம்மாவுக்கே தெரியாததை நான் காட்டணும்னுதான்..."

"தெரியாதா?" ஆட்காட்டி திரும்பிப் பார்த்தது. "யாருடி சொன்னா தெரியாதுன்னு? முதல் ஞாயித்துக்கிழமையே பாத்துட்டாங்க! ரெண்டடி தள்ளி நின்னு முட்டையைப் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க. வாயைத் திறக்கலையே! 'எல்லாரும் அந்தப் பக்கம் போய்த் தாமரை பாக்கலாம் வாங்க'ன்னு கூட்டத்தைத் திருப்பிட்டாங்க. வாரா வாரம் இங்க வந்து நான் இருக்கேனான்னு மட்டும் பாப்பாங்க, உடனே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அவங்க கூட்டத்துல இருந்த ஒருத்தருக்குக்கூட இப்படி ஒரு முட்டை இருக்கிறது தெரியாதுடி!"

மைனாவுக்குத் தலையில் இடி விழுந்தது.

அப்போது வேலிப்புதர் அசைந்தது. செம்போத்து வெளியே வந்தது. அதே நிதானமான நடை! அலகோரத்தில் ஈரமாக மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைப் புல்லில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை துடைத்துக்கொண்டது.

"நல்ல உலாம்மா!" என்றது அடித்தொண்டையில். "நீ சொன்ன நேரம் இம்மிகூடப் பிசகலை. எனக்கு ரொம்பத் திருப்தி!"

தவளை பயத்தில் தண்ணீருக்குள் குதித்துவிட்டது. அணில் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அடப்பாவி! நல்ல சகுனம் என்றார்களே!

செம்போத்து கிளம்புவதற்குத் திரும்பியது. பிறகு ஏதோ நினைவு வந்ததைப் போல நின்றது.

"ஆமாம், அடுத்த ஞாயிறு எந்தக் கூடு காட்டப்போறே? உன் கூடும் இங்கதானே எங்கயோ இருக்குன்னு சொன்னாங்க. மூணு குஞ்சாமே?"

அத்தனை வாய் பேசின மைனா, கண்ணைத் திருப்பினால்கூடக் கூடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து, தலையைக் கவிழ்த்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் எதிரே ஆட்காட்டி, நனைந்த வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்ட, உடைந்த ஓடுகளின்மேல் மெல்ல உட்கார்ந்தது.

ஒருவர் ஒளித்துக் காப்பதை ஊருக்குக் காட்டிப் பேர் வாங்குகிறவன், தன் கையால் திருடாவிட்டாலும் திருட்டுக்குக் கூட்டாளியே.