ஒரு வழக்குக்கு மட்டும் வந்த உடும்பு

ஒரு காட்டில் யானையும் கரடியும் ஆமையும் நீதிபதிகளாக இருந்தன. அவை சொன்ன தீர்ப்புக்கு மேல் வேறு தீர்ப்பு கிடையாது.

அங்கிருந்த குளக்கரையில் ஒரு கோரைப் புதர். அதற்குள் நீர்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோரையின் கிழங்கு தனக்கு வேண்டும் என்று காட்டுப்பன்றி வழக்குப் போட்டது.

விசாரணை அன்று ஆமை எழுந்துகொண்டது.

"நீங்கள் இருவரும் ஆற்றில் குடிக்கிறவர்கள். நான் அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்கிறவன். இந்த வழக்கில் உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். விலகிக்கொள்கிறேன்."

காட்டு வழக்கப்படி, குளத்துத் தண்ணீர் குடிக்காத ஒருவரை அந்த ஒரு வழக்குக்கு மட்டும் உட்கார வைக்க வேண்டும். யானை சுற்றிலும் பார்த்தது. பாறைமேல் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"குளத்துப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போவதுண்டா?"

"ஒரு சொட்டுகூட இல்லை தலைவரே. நான் உண்டு, என் பாறை உண்டு."

"அப்படியானால் வந்து உட்கார்."

நீர்க்கோழி பதறிப்போய் முன்னால் வந்தது. "ஐயா, அவர் முட்டை தின்கிறவராயிற்றே!"

"வழக்கு கிழங்கைப் பற்றியதம்மா. முட்டையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே" என்றது யானை.

"கிழங்கை மோந்துகூடப் பார்க்காதவர். இவரைவிட நடுநிலை ஆளுக்கு எங்கே போவது?" என்று பன்றி சிரித்தது.

நீர்க்கோழி ஆமையைப் பார்த்தது. விலகியவன் வாய் திறக்கக் கூடாது என்று ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"பசித்தவன் தின்னட்டும்" என்றது யானை.

"குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்கட்டும்" என்றது கரடி.

எல்லோரும் உடும்பைப் பார்த்தார்கள். அது நாக்கை ஒருமுறை நீட்டி உள்ளே இழுத்தது.

"பசி பொறுக்காது. இன்றைக்கே தோண்டலாம்."

மாலைக்குள் புதர் இருந்த இடம் சேறாகிவிட்டது. கூட்டைப் பன்றி தொடவில்லை. தீர்ப்பில் அது இல்லையே. மறைப்பில்லாமல் கிடந்த கூட்டை நோக்கி உடும்பு பாறையிலிருந்து மெல்ல இறங்கி வந்தது. நீர்க்கோழி சிறகடித்துக் கத்தியது. கத்தத்தான் முடிந்தது.

மறுநாள் ஆமை தன் இடத்துக்குத் திரும்பியது. உடும்பு பழையபடி பாறைமேல் படுத்திருந்தது.

"வந்துவிட்டீர்களா ஐயா" என்றது நீர்க்கோழி. அதன் காலடியில் முட்டையோட்டுச் சில்லுகள் கிடந்தன. "தீர்ப்பை மாற்றுவீர்களா?"

"மாற்ற வழியில்லையம்மா. மாற்றினாலும்..." ஆமை குனிந்து அந்தச் சில்லுகளைப் பார்த்தது.

நீதி சொல்லும் இடத்தை விட்டு எழுகிறவர் தன் கை சுத்தமா என்று பார்த்தால் மட்டும் போதாது. அங்கே வந்து உட்காருகிறவரின் பசி என்ன என்றும் பார்க்க வேண்டும்.