கொய்யா எல்லாம் உனக்கு!

கரடியும் நரியும் காட்டோரக் கொய்யா மரத்தடியில் நின்றன. அடைமழை வரும்போல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்துவிட்டால் ஒரு வாரம் குகையை விட்டு நகர முடியாது. குகைக்குள் கரடியின் இரண்டு குட்டிகள் பசியோடு காத்திருந்தன.

மரத்தைக் கண்டுபிடித்தது நரி. ஏறியது கரடி. அவசரத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் பறித்துப் போட்டது. பக்கத்தில் சீத்தாப்பழமும் ஐந்தாறு கிடைத்தது. எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது.

"கரடியக்கா, கொய்யா எல்லாம் உனக்கு. பழம் எல்லாம் எனக்கு. சம்மதமா?" என்றது நரி.

குவியலில் கிட்டத்தட்ட எல்லாமே கொய்யாதான். சீத்தாப்பழத்தைத்தான் நரி கேட்கிறது என்று கரடி நினைத்தது. 'பாவம், ஏமாளி நரி!'

"சம்மதம்! வாக்கு மாற மாட்டேன்!"

நரி உடனே மொத்தக் குவியலையும் தன் பக்கம் தள்ளியது.

"ஏய்! என் கொய்யாவை ஏன் எடுக்கிறாய்?"

"கொய்யா பழம் இல்லையென்றால் பின்னே என்ன, பூவா?" நரி வாலால் மண்ணில் ஒரு பெரிய வட்டம் போட்டது. "இது பழம்." அதற்குள் ஒரு சின்ன வட்டம். "இது கொய்யா. பெரிய வட்டம் என்னுடையது என்றால் உள்ளே இருப்பதும் என்னுடையதுதானே? வாக்கு, அக்கா, வாக்கு!"

கிளையில் இருந்த குரங்கு கைகொட்டிச் சிரித்தது.

கரடிக்கு அழுகை முட்டியது. குட்டிகளுக்கு என்ன கொடுப்பது? நரி சொன்னதில் தப்பும் தெரியவில்லை. ஆத்திரத்தில் கையிலிருந்த ஒரே கொய்யாவைக் கடித்தது.

கறுக்! ஒரே துவர்ப்பு!

கரடி நிமிர்ந்தது. "தம்பி, இதைக் கொஞ்சம் கடித்துப் பார்."

நரி கடித்து முகத்தைச் சுளித்தது. "தூ! காய்!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது.

"காயா? அப்படியானால் இது பழ வட்டத்துக்குள் வராதே! ஆனால் கொய்யாதானே? நான் அவசரத்தில் பறித்ததில் பெரும்பாலும் காய்தான். உன் சின்ன வட்டத்தில் பெரும்பகுதி வெளியே நிற்கிறது, தம்பி!"

"அப்படிப் போடு, அக்கா!" என்று குரங்கு இப்போது நரியைப் பார்த்துச் சிரித்தது.

கரடி ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. பழுத்த கொய்யா எட்டே எட்டு. அவற்றையும் சீத்தாப்பழங்களையும் நரியிடம் தள்ளியது.

"காயை வைத்து என்ன செய்வாய்?" என்று நரி முனகியது.

"சருகில் மூடி வைப்பேன். நாலு நாளில் தானே பழுக்கும்!"

அன்று மாலையே மழை பிடித்தது. குட்டிகள் முதலில் காயைக் கறுக் கறுக்கென்று தின்றன. நாலாம் நாள் குகையெல்லாம் கொய்யாப்பழ வாசனை. கரடி நிம்மதியாகக் கண்ணயர்ந்தது.

ஒரு பெயருக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரை வெறும் சொல்லால் ஏமாற்ற முடியாது.