நாங்கு மரத்தின் வைரம்

ஆனைமலைக் காட்டுக்குள் ஒரு நாங்கு மரம் இருந்தது. பெருமை என்றால் அப்படியொரு பெருமை அதற்கு. "வைரம் பாய்ஞ்ச உடம்பு இது. கோடாலிக்கே வாய் கோணிப்போகும்" என்று பக்கத்துப் பலா மரத்திடம் காது புளிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒரு காற்றுக்காலத்தில் அதன் கிளையொன்று முறிந்தது. சில மழைக்காலங்கள் போன பிறகு, முறிந்த இடத்துக்குக் கீழே தட்டுப்போல ஒரு காளான் முளைத்து நின்றது.

"பார்த்தியா, காடே எனக்குப் பதக்கம் குத்தியிருக்கு!" என்றது நாங்கு. பலாவுக்கு வயிறு எரிந்தது.

புழு தேட வந்த மரங்கொத்தி, காளானுக்கு அடியில் தொங்கி உற்றுப் பார்த்தது.

"அண்ணே, மேல ஓடு மாதிரி கெட்டி. சாதாரணக் காளானுக்கு இருக்கிற மடிப்பே அடியில இல்லை, ஊசி குத்தின மாதிரி பொடிப்பொடி ஓட்டை. இது பதக்கமில்லை. உங்க வைரத்தைத் தின்கிற காளான்."

"சும்மா உளறாதே!"

மரங்கொத்தி பட்டையைத் தட்டிக் காட்டியது. வெறும் பானை மாதிரி தொம் தொம் என்றது மரம்.

நாங்குக்கு உயிரே போய்விட்டது. "போய்த்தொலை!" என்று காளானிடம் சீறியது.

"எங்க போறது? வெளிய தெரியிறது என் நுனி மட்டும்தான். நான் இருக்கிறது உள்ள."

கிளை முறிந்த இடத்தில் விழுந்திருந்த பொந்தை நாங்கு கொடியால் மூடிக்கொண்டது. யாரிடமும் சொல்லிவிடாதே என்று மரங்கொத்தியிடம் கெஞ்சியது.

அந்தச் சமயத்தில்தான் இருவாச்சிப் பறவை ஜோடியொன்று வந்தது. இருவாச்சிக்கு மரத்தைக் குடையத் தெரியாது. ஏற்கெனவே இருக்கும் பொந்தில் பெட்டை புகுந்து, அலகு நுழையும் சந்து மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். பொந்து கிடைக்காவிட்டால் அந்த வருஷம் குஞ்சு இல்லை.

"காடு பூரா தேடிட்டோம். உங்ககிட்ட பொந்து இருக்குமா?" என்று நாங்கிடம் கேட்டது பெட்டை.

பலா சிரித்தது. "அங்கயா? அது உள்ள பூரா இரும்பும்மா!"

நாங்கு கொடியை இன்னும் இறுக்கிக்கொண்டது. பேசாமல் இருந்துவிட்டால் மானம் தப்பும். பெட்டை சோர்ந்துபோய்ச் சிறகை விரித்தது.

"நில்லு தாயி" என்றது நாங்கு, காடு முழுக்கக் கேட்கும்படி. "எனக்குள்ள வைரமெல்லாம் இல்லை, வெறும் பொந்துதான். வந்து இரு." கொடியை விலக்கி வழிவிட்டது.

பலா விழுந்து விழுந்து சிரித்தது. நாங்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஆண் பறவை பழத்தோடு வரும்போதெல்லாம் ஆடாமல் அசையாமல் நின்று கொடுத்தது.

ஒருநாள் காலையில் பலா மறுபடி வம்புக்கு இழுத்தது. "என்னப்பா, உன் வைரம் எங்க?"

நாங்கு நிமிர்ந்து நின்றது.

"உள்ளதான் இருக்கு. பசிக்குதுன்னு கத்துதே, உனக்குக் கேட்கலையா?"