தண்ணீர்ப் பந்தலின் முதல் டம்ளர்

வைத்தியலிங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு மெய்யம்மைக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், மடத்துக்கு வந்தபோது வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். 'எனக்குத் தெரியும்' என்பதை மட்டும் விடவில்லை.

போன வருஷம் பாதயாத்திரை வந்தவர்கள் மடத்துப் பந்தலில் குளத்துத் தண்ணீரை வாயில் வைத்தார்கள். இலை அழுகிய வாடை. துப்பிவிட்டு, தாகத்தோடு போய் வாய்க்காலில் குடித்தார்கள். முப்பது பேருக்கு வாந்திபேதி. அவர்களில் ஒருத்தியான வைத்தியலிங்கத்தின் தங்கை பிழைக்கவில்லை.

இந்த வருஷம் வடிகட்டும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பதப்படுத்திய கரியில் இரண்டு வகை வந்தது. ஒன்று தேங்காய்ச் சிரட்டையில் செய்தது, மற்றது நிலக்கரியில் செய்தது. மூட்டையோடு வந்த சான்றிதழில், அழுக்கை உறிஞ்சும் திறனைக் காட்டும் எண் சிரட்டைக் கரிக்குத்தான் அதிகம். மை கலந்த தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்தார். பளிங்கு மாதிரி இறங்கியது. அப்புறம் என்ன யோசனை? தொட்டி நிறைய அதையே கொட்டினார். நிலக்கரி மூட்டையை மூலையில் தள்ளினார்.

மறுநாள் பந்தல் திறக்கலாம் என்று குருவிடம் போய்ச் சொன்னார்.

பந்தல் போடுகிறவரே முதல் டம்ளர் குடிக்க வேண்டும் என்பது அந்த மடத்து வழக்கம். மெய்யம்மை குளத்துத் தண்ணீரைத் தொட்டியில் விடச் சொல்லி, அடியில் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்து அவரிடம் நீட்டினார்.

உதட்டருகே போன கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீரில் லேசான மஞ்சள். மூக்கில் அதே வாடை. தங்கை துப்பியது இந்தத் தண்ணீரைத்தான்.

மெய்யம்மை இன்னொரு டம்ளர் தந்தார். மூலையில் கிடந்த நிலக்கரி மூட்டையிலிருந்து எடுத்த கரியில் அவர் முன்பே வடித்து வைத்திருந்த அதே குளத்துத் தண்ணீர். நிறமில்லை, வாடையில்லை.

"சான்றிதழ் பொய்யா, தாயே?"

"பொய்யில்ல. சிரட்டைக் கரியில துளை ரொம்பப் பொடிசு. மை உள்ள நுழைஞ்சு ஒட்டிக்கும். அழுகின இலையோட சாயம் பெருசு, உள்ள நுழையாம தண்ணியோடயே வந்துடும்."

"நானே சோதிச்சேனே."

"எந்தத் தண்ணியில?"

"மடத்துக் கிணத்துத் தண்ணியில."

"குளத்துத் தண்ணியில ஏன் பண்ணல?"

"அது ஒரே அழுக்கு, தாயே. சோதனை கெட்டுப்போயிடும்னு..."

மெய்யம்மை அந்த மஞ்சள் டம்ளரை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

"அழுக்கா இருக்குன்னுதானே ஐயா, கரியே வாங்கினோம்?"