தாமோதரசாமியின் வளைந்த ஹேண்டில்பார்

"என்னை எல்லாரும் விட்டுட்டுப் போயிடறாங்க அம்மணி," என்றார் தாமோதரசாமி.

ரெஜினா தலையைத் தூக்கவில்லை. ஒரு சக்கரத்தின் கம்பிகளை இறுக்கிக்கொண்டிருந்தாள். பேரூர் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். வயது இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் கோவையில் சைக்கிள் பைத்தியம் பிடித்த அத்தனை பேருக்கும் அவள்தான் குரு.

தாமோதரசாமி முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விடையை முடிவு செய்துகொண்டுதான் கேள்வியே கேட்பார்.

"யாருங்க சார்?"

"ஞாயித்துக்கிழமை கூட வர்ற அஞ்சு பேரும்தான். நான் ஆலாந்துறை பேக்கரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள டீயைக் குடிச்சு முடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. வேணும்னேதான் செய்யறாங்க."

"சரிங்க."

"அவங்க ஹேண்டில்பார் எல்லாம் கிடாக்கொம்பு மாதிரி கீழ வளைஞ்சிருக்கு. என்னோடது நேரா இருக்கு. காத்து முழுக்க என் நெஞ்சுலதான் மோதுது. எனக்கும் வளைஞ்சதா மாத்திக் குடு."

ரெஜினா சக்கரத்தைக் கீழே வைத்தாள்.

"அதை மாத்தினா பிரேக் பிடியை மாத்தணும். பிடியை மாத்தினா பிரேக்கையே மாத்தணும். கியரை மாத்தணும், கேபிளை மாத்தணும். வளைஞ்சது கைக்கு எட்டத்துல போயிடும், அதனால அதைத் தாங்குற தண்டையும் குட்டையா மாத்தணும்."

"எல்லாத்தையும் மாத்து."

"கடைசியில பழசா ஒண்ணுதான் மிஞ்சும் சார்."

"எது?"

ரெஜினா அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"பரவாயில்ல," என்றார் தாமோதரசாமி. அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததாகக் காட்டிக்கொள்வது அவர் வழக்கமில்லை, அவ்வளவுதான்.

நான்கு நாளில் வண்டி தயாரானது.

ஞாயிறு காலை அவர்கள் ஐந்து பேரும் வழக்கம்போல முன்னால் போய்விட்டார்கள். தாமோதரசாமி கீழ் வளைவைப் பிடித்தார். முதுகை மடக்கினார். தலையைக் கவிழ்த்தார். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று மிதித்தார்.

மிதித்தார், மிதித்தார், யாரும் கண்ணில் படவில்லை.

சாடிவயல் செக்போஸ்ட் வந்துவிட்டது. அதற்கு மேல் காடு.

"அஞ்சு பேர் சைக்கிள்ல போனாங்களா?" என்று காவலுக்கு இருந்த வாட்சரைக் கேட்டார்.

"இன்னிக்கு யாரும் வரலீங்களே."

தாமோதரசாமி வண்டியிலிருந்து இறங்கினார். இவருக்குச் சொல்லாமல் வேறு ஊருக்கே போய்விட்டார்கள். கழற்றிவிட்டார்கள். வண்டியில் மாட்டியிருந்த பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், கூட்டத்தில் ஒருவரான பல் டாக்டர் கிரிதரன். செய்வதையும் செய்துவிட்டுச் சமாதானம் வேறா? திரும்பப் பையில் போட்டார். வந்த வழியே திரும்பவும் மனசில்லை. தொண்டாமுத்தூர் சுற்றி நேராக ரெஜினாவின் கடையில் வந்து இறங்கினார்.

"கழட்டிடு அம்மணி. பழைய ஹேண்டில்பாரையே போடு. இல்ல, அதுவும் வேண்டாம். வண்டியை யாருக்காவது குடுத்துடு."

"என்னாச்சுங்க?"

"சாடிவயல் வரைக்கும் போனேன், ஒருத்தரையும் காணோம். நான் இனி ஓட்டறதா இல்ல."

ரெஜினா ஸ்பேனரை எடுத்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள்.

"போற வழியில என்னங்க பாத்தீங்க?"

"முன் சக்கரத்தை."

"அப்புறம்?"

தாமோதரசாமி யோசித்தார். "வெள்ளைக் கோடு."

"பேக்கரியை?"

அவர் குனிந்து முன் சக்கரத்தையே பார்த்தார்.

பையில் மறுபடி போன் அடித்தது. அவர் அசையவில்லை. ரெஜினாவே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பெஞ்சின் மேல் வைத்தாள்.

"சார், எங்க இருக்கீங்க?" கிரிதரனுக்கு மூச்சு இரைத்தது. "பேக்கரி வாசல்ல நின்னு அஞ்சு பேரும் கையைக் கையை ஆட்டறோம், நீங்க குனிஞ்ச தலை நிமிராம பறக்கறீங்க. வாராவாரம் உங்களுக்காகத்தானே சார் அங்க காத்துக் கிடக்கறோம்? துரத்திட்டு வந்தா என் டயர் பஞ்சர். ஒட்டிட்டு இப்பத்தான் சாடிவயல் வந்து சேந்தோம்."

தாமோதரசாமி வளைந்த ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இங்க வாட்சர் ஒண்ணு சொல்றாருங்க. நீங்க அழுதுட்டே திரும்பிப் போனீங்களாமே?"

ரெஜினா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணுல பூச்சி விழுந்துருச்சுப்பா," என்றார் தாமோதரசாமி. "அங்கேயே இருங்க. வர்றேன்."

ரெஜினா ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.