பொந்து மரம்

எவனோ ஒருத்தன் செய்த வேலை இது. தன் வசதிக்கு எதையோ செய்துவிட்டு, தவளைகளை என் வீட்டுக்கு விரட்டிவிட்டிருக்கிறான். அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

சாமியாரிடம் போய் இப்படித்தான் ஆரம்பித்தேன்.

அவருக்கு என் மகன் வயது. படகுத்துறைக்கு மேலே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் கிழிந்த வலையைத் தைத்துக் கொடுப்பார். இந்தத் தீவில் நான் கைகூப்புகிற ஒரே ஆள்.

மரத்தவளை கட்டைவிரல் அளவுதான் இருக்கும். சத்தம் தச்சுப்பட்டறை அளவு. பொழுது சாய்ந்ததும் என் தண்ணீர் டிரம்களுக்குள் ஆரம்பிக்கும். மூடி போட்டேன். மூடிக்கு அடியில் புகுந்தன. மூன்று மழைக்காலமாகத் தூக்கம் இல்லை. தூங்காதவன் வாயில் நல்ல வார்த்தை எங்கே வரும்? வேலையாட்கள் இரண்டு பேர் என் ஏச்சுத் தாங்காமல் போய்விட்டார்கள்.

டிரம்மில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். ஆனால் எந்த உயிரையும் கொல்வதில்லை என்று சாமியாரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். இதற்கு மட்டும் விலக்குக் கேட்கத்தான் போனேன்.

முடியாது என்றார்.

எட்டு டிரம்மில் நாலில் மட்டும் கொட்டுகிறேன் என்றேன்.

அவர் வலையின் அடுத்த கண்ணைத் தைத்தார்.

சரி, இரண்டு என்றேன். எதிராளி வாயே திறக்கவில்லை, நான் இறங்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார்.

"அது எப்படிக் கத்தும்? செஞ்சு காட்டுங்க."

வாயால் செய்து பார்த்தேன். வரவில்லை. அது கத்தலே இல்லை, தட்டல். கையை மடக்கி, அவர் உட்கார்ந்திருந்த பலகையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினேன். டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

"இன்னொரு தரம்."

தட்டினேன்.

"பழகின கை" என்றார்.

என் கை பலகைமேலேயே நின்றுவிட்டது.

பள்ளிக்கூடம் போகாதவன் நான். மர வியாபாரத்தில் என் படிப்பு மொத்தமும் அந்தத் தட்டுதான். வாங்கப் போகிற மரத்தை முட்டியால் தட்டுவேன். காதை வைப்பேன். உதட்டைப் பிதுக்கி, உள்ளே பொந்து என்பேன். கல் மாதிரி மரமாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். விற்கிறவர்களில் பாதிப்பேர் அதிலேயே ஆடிப்போய்விடுவார்கள்.

என் வேலிக்கு அந்தப் பக்கம் சவேரியம்மாவின் புன்னை மரத்தையும் அப்படித்தான் தட்டினேன். அவள் புருஷன் பக்கவாதத்தில் படுத்திருந்தான். அடுத்த புயலுக்கு இது உன் கூரைமேல்தான் விழும் என்றேன். வெட்டி எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று அவள் என்னைக் கும்பிட்டாள்.

மரம் சாய்ந்தது. உள்ளே வைரம் பாய்ந்திருந்தது. இடுப்புயரத்தில் கையளவு ஒரு குழி, அவ்வளவுதான். அதில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் தலைப்பிரட்டைகளோடு மண்ணில் கொட்டியது. அதன்மேலேயே மரத்தை இழுத்துக்கொண்டு போனோம்.

அடுத்த மழைக்குத்தான் என் டிரம்மில் முதல் தட்டு கேட்டது.

இதில் ஒரு வார்த்தையும் சாமியாரிடம் நான் சொல்லவில்லை. அவர் மறுபடி வலையை எடுத்தார்.

"அந்த ஒருத்தன் கையில கிடைச்சானா?"

சவேரியம்மா வீட்டுக்குப் போகும்போது உச்சி வெயில். கதவு சாத்தியிருந்தது. கையை மடக்கினேன். தட்ட முடியவில்லை. செருமிக்கொண்டு நின்றேன்.

அவளே திறந்தாள். தகரக் கூரைக்குக் கீழே அவள் புருஷன் நெஞ்சில் ஈரத்துணியோடு கிடந்தான். புன்னை இருந்தவரை அந்தத் தகரத்தில் வெயில் பட்டதில்லை.

மரம் கெட்டியாகத்தான் இருந்தது என்றேன். நான்தான் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. மரம் அறுக்குற வாள் போட்ட சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு."

தெரிந்துகொண்டேதான் மூன்று வருஷமும் வேலிக்கு மேலே குழம்பு கொடுத்திருக்கிறாள். நானும் வாங்கித் தின்றிருக்கிறேன், உப்புக் குறைவு என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, பத்துக் கன்று நட்டுத் தருகிறேன் என்றேன். இருபது என்றேன். வேலி போட்டு, நானே தண்ணீர் ஊற்றுகிறேன் என்றேன். அந்த நேரத்திலும் என் வாயில் பேரம்தான் வந்தது.

அவள் ஒரு தரம் உள்ளே திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"கன்னு அதுபாட்டுக்கு வளரட்டும் அண்ணாச்சி. இந்த மனுசனுக்கு இன்னைக்கு மத்தியானம் நிழல் வேணும். எடுத்துட்டுப் போனது நீங்கதானே. கொண்டாந்து போட்டுட்டுப் போங்க."