வாசலில் வைத்த தூக்குவாளி

ஊரடங்கைத் தளர்த்தி டீக்கடையைத் திறக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டு எழுதும்படி மொட்டப்பாறை ஊராட்சிக்கு உத்தரவு வந்தது. தலைவர் குழந்தைவேலு யாரையும் கேட்காமலே, ஊர் வேண்டாம் என்கிறது என்று எழுத உட்கார்ந்தார். மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்காத டீக்கடைக்காரி பவளக்கொடி அலுவலக வாசலுக்கு வந்தாள்.

"யாருங்க தலைவரே வேண்டாம்னது?"

"ஊரு மனசு எனக்குத் தெரியாதா? வேணும்னு சொன்னா நீ காட்டு. ஆனா ஒருத்தரும் வீட்டை விட்டு வரக்கூடாது. நீயும் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது."

"சரிங்க. மைக் கட்டின ஆட்டோவை மட்டும் ஒரு சுத்து விடுங்க."

மாலையில் ஆட்டோ தெருத்தெருவாகச் சொல்லிப் போனது: "கடை வேணும்னா டீ வாங்குற பாத்திரத்தை வாசல்ல நிமிர்த்தி வைங்க. வேண்டாம்னா கவிழ்த்து வைங்க."

காலையில் தலைவர் பார்வையிடக் கிளம்பினார். பவளக்கொடி எட்டவே நடந்தாள். பயந்த சில வீடுகளில் சொம்பு கவிழ்ந்திருந்தது. அவற்றை அவளே சுட்டிக்காட்டினாள். மற்ற வாசல்களில் எல்லாம் சொம்பும் தூக்குவாளியும் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"இதெல்லாம் நீ சொல்லி வச்சது. என் வீட்டை வந்து பாரு."

அவர் கவிழ்த்து வைத்த டம்ளர் வாசலில் அப்படியே இருந்தது. பக்கத்தில் பெரிய தூக்குவாளி ஒன்று நிமிர்ந்து நின்றது.

"இந்த வீட்டுக் கருத்து எதுங்க?" என்றாள் பவளக்கொடி.

தலைவரின் மனைவி ஜன்னலில் இருந்து சொன்னாள்: "டம்ளர் அவரு ஓட்டு, பவளம். தூக்குவாளி எங்க எல்லார் ஓட்டும். இஞ்சி தட்டிப் போடு."

தலைவர் தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து டம்ளரை நிமிர்த்தினார்.

"எனக்குச் சர்க்கரை கம்மி" என்றார்.